4417-க்கு எந்த எலி?

லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. கரண்ட் போய்விட்டது என்றுதான் சுகிர்தா முதலில் நினைத்தாள். ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மேலே மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது. உடன் ஏறிய மெக்கானிக், பொத்தான் பலகைக்குக் கீழே இருந்த துளையிலிருந்து சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க மேடம். அஞ்சு நிமிசம்."

அவருக்கு நாற்பது வயதிருக்கும். லிஃப்ட் கம்பெனியின் நீலச் சட்டை போட்டிருந்தார். இரண்டு கணுக்கால்களும் செருப்பு வாரை மீறி வீங்கியிருந்தன. சுகிர்தா கால்நடை மருத்துவர். மாடோ மனிதனோ, அந்த வீக்கம் இதயம் தளர்வதைச் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"மணி அங்க இருக்குதுங்க. அமுத்துனீங்கன்னா கீழ செக்யூரிட்டிக்குக் கேக்கும். நான் தடுக்க மாட்டேன். அமுத்தறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என்ர எலிய எடுத்துட்டீங்களா, இன்னும் எடுக்கலீங்களா?"

சுகிர்தாவின் விரல் மணிப் பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"நீங்க யாரு?"

"லிங்கேஸ்வரன். இந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு ஆறு வருசமா நான்தான் சர்வீஸ்." சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார். "அட்டை நம்பர் 4417."

அந்த மஞ்சள் அட்டையை வைத்திருப்பவர்களில் ஒருவரைக்கூட அவள் மூன்று ஆண்டுகளாக நேரில் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பது விதி.

இதயம் தளர்ந்துபோனவர்களுக்கு நெஞ்சுக்குள் வைக்கும் துணைக் கருவி இந்த மண்டலத்துக்கு ஆண்டுக்கு அறுபது வரும். கேட்டுப் பதிவு செய்து மஞ்சள் அட்டையோடு நிற்பவர்கள் ஆயிரத்துக்கு மேல். முன்பெல்லாம் யாருக்கு முதலில் கொடுப்பது என்று டாக்டர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். அதில் சிபாரிசு புகுந்தது, வழக்கு வந்தது, ஒரு டாக்டரின் காரைக் கொளுத்தினார்கள். பிறகு எலிகள் வந்தன. எலியிடம் யாரும் சிபாரிசுக்குப் போக முடியாது என்று எல்லோரும் நிம்மதியானார்கள். கோயம்புத்தூருக்கு வெளியே, காளப்பட்டிக்கு அப்பால் இந்த ஆய்வுக் கூடத்தைக் கட்டினார்கள். அதன் மூன்றாவது மாடியில் பன்னிரண்டு வகைச் சுண்டெலிகள் இருந்தன. எந்த நோயாளிக்கு எந்த வகை என்று கையெழுத்துப் போடுவது சுகிர்தாவின் வேலை.

"உங்களோட நான் பேசவே கூடாது. பேசினது தெரிஞ்சா உங்க பேரையே எடுத்துடுவாங்க" என்றாள்.

"தெரியுங்க. படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"அப்புறம் ஏன் இப்படி?"

"வீட்டுல உக்கார முடியலீங்க. எலிய வச்சுப் பாக்கறாங்க, எலி சொல்றதுதான்னு எல்லாரும் சொல்றாங்க. எலி என்ன சொல்லுது, எப்படிச் சொல்லுதுன்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க. கேட்டுட்டு லிஃப்ட எடுத்துடறேன்."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. இருந்தாலும் அவள் மணியை அமுத்தவில்லை.

"உங்க ரத்தத்துலேர்ந்து இதயத்துக்கான மரபணுக்கள எடுத்து, ஊசியில எலிக்குப் போடுவோம். பத்து நாள்ல அதோட இதயத் தசை உங்க இதயத் தசை மாதிரியே நடந்துக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக் குழாய்ல ஒரு நூலக் கட்டி இறுக்குவோம். இதயம் கஷ்டப்பட்டுத் தள்ளணும். எத்தன வாரம் தாங்குதுன்னு பாப்போம். ஒருத்தருக்கு எட்டு எலி. எலிக்கு ஒரு வாரம்னா மனுஷனுக்கு அஞ்சு வாரம்."

"தாங்கலீன்னா?"

"பன்னண்டு வாரத்துக்குள்ள விழுந்துட்டா உங்க பேரு வரிசையில வரும். தாண்டிட்டா உங்களுக்கு இன்னும் நாள் இருக்குன்னு அர்த்தம். மாத்திரையே போதும்னு சொல்லிடுவாங்க."

"சரிங்க. அதுல நீங்க என்ன எடுக்கறீங்க?"

சுகிர்தா தயங்கினாள். "எல்லா எலியும் ஒண்ணு இல்ல. இதயம் உங்களோடதா ஆயிடும். ஆனா உடம்பு எலியோடதுதானே? கறுப்பு வகையில நூலக் கட்டினா அஞ்சாறு வாரத்துல நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். பழுப்பு வகை இருபது வாரம் ஓடியாடிட்டு இருக்கும். அதனால உங்க உடம்புக்கு எந்த வகை பக்கத்துல வருதுன்னு பாத்து அதுல வைக்கணும்."

லிங்கேஸ்வரன் சுவரில் சாய்ந்துகொண்டார். "அதே இதயம்தானுங்களா ரெண்டுலயும்?"

"அதே இதயம்தான்."

"ஒண்ணுல செத்துரும். ஒண்ணுல ஓடும்."

"ஆமா."

"எந்த உடம்பு பக்கத்துல வருதுன்னு எப்படிங்க தெரியும்?"

"கம்ப்யூட்டர் ஒப்பிட்டுச் சொல்லும். நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குத் தெளிவாச் சொல்லிடும். மிச்சப் பேருக்கு ரெண்டு வகை சமமா வரும். அப்ப நான் பாத்து முடிவு பண்ணுவேன்."

"எனக்கு?"

"தெரியாது."

பொய். வெள்ளிக்கிழமையிலிருந்து 4417 அவள் மேசைமேல்தான் கிடந்தது. கறுப்பு ஐம்பது, பழுப்பு ஐம்பது. இந்த அளவுக்குச் சரிபாதியாக ஒரு கோப்பை அவள் பார்த்ததே இல்லை.

"சமமா வந்தா எதைப் பாத்து முடிவு பண்ணுவீங்க?"

"பழக்கத்துல தெரியும்."

சொன்னவுடனே அது பதிலே இல்லை என்று அவளுக்குப் பட்டது. அவருக்கும் பட்டிருக்க வேண்டும். "பழக்கத்துல" என்று ஒரு தரம் திருப்பிச் சொன்னார். "இதப் போடுங்க, அதப் போடுங்கன்னு கேக்க வரலீங்க மேடம். பழக்கம்னு சொல்றீங்களே, அது என்ர உடம்பப் பத்துன பழக்கமா, உங்க எலியப் பத்துன பழக்கமா? அத மட்டும்..."

மீதி வரவில்லை. வாயைத் திறந்து காற்றை இழுத்தார். உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. சுவரோடு வழுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். சாவி கையிலிருந்து நழுவி விழுந்தது.

"படுக்காதீங்க! நிமிந்து உக்காருங்க!" சுகிர்தா சாவியை எடுத்தாள். "எந்தப் பக்கம் திருப்பணும்?"

அவர் வலது கையை லேசாகத் தூக்கினார். அவள் சாவியை நுழைத்து வலது பக்கம் திருப்பினாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் விரலால் மேலே காட்டினார். மூன்றாம் எண்ணை அமுத்திப் பிடித்தாள். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கிளம்பியது.

கதவு திறந்தபோது வசந்தாமணி தீவன வண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களில் அவள்தான் மூத்தவள். தரையில் கிடந்தவரையும் சுகிர்தாவின் முகத்தையும் பார்த்தாள்.

"லிஃப்ட் ரிப்பேருக்கு வர்ற தம்பிதானுங்களே?"

"மூச்சு வாங்குது. பிடிங்க."

இருவரும் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எலிகளுக்கு வைத்திருந்த ஆக்சிஜன் குழாயைச் சுகிர்தா அவர் மூக்கருகே பிடித்தாள். இருபது நிமிடத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. அவர் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், கைப்பிடியைப் பிடித்தபடி படி வழியாகவே இறங்கிப் போனார். லிஃப்டில் ஏற அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

இதைப் பற்றிப் புகார் எழுதுவது சுகிர்தாவின் கடமை. எழுதினால் 4417 நீக்கப்படும். எழுதாமல் விட்டுவிட்டு அந்தக் கோப்பில் கறுப்பு என்று கையெழுத்துப் போட்டால் பரிதாபப்பட்டுப் போட்டது. பழுப்பு என்று போட்டால் பயத்திலோ கோபத்திலோ போட்டது. இரண்டு நாள் அந்தக் கோப்பைத் திறந்து திறந்து மூடினாள். எதைப் போட்டாலும் அது அவர் உடம்பைப் பார்த்துப் போட்டதாக இருக்காது என்று மட்டும் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை கூண்டுகளைப் பார்வையிடப் போனாள். கறுப்பு வகை அறையில் ஒரு கூண்டில் மூன்று எலிகள் செத்துக் கிடந்தன. ஒன்று இன்னும் வாயைத் திறந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சுகிர்தா அதற்கு வலி தெரியாத ஊசியைப் போட்டு, அடங்கும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

"குடுங்க மேடம், நான் எடுத்துக்கறேன்" என்று வசந்தாமணி கையை நீட்டினாள். "இன்னைக்கும் நீங்க சாப்புட மாட்டீங்க."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"கறுப்பு செத்தா ரெண்டு நாளைக்கு உங்களுக்குச் சோறு எறங்காதுங்களே. மூணு வருசமாப் பாக்கறேன். அதனாலதான் நீங்க முடிஞ்ச மட்டும் பழுப்பையே எடுக்கறீங்கன்னு நாங்க பேசிக்குவோம். நல்ல மனசுன்னுதான் சொல்லுவோம் மேடம், தப்பா இல்லீங்க."

சுகிர்தா செத்த எலியைத் தட்டில் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் முடிவு சொல்லாமல் அவளிடம் விட்ட கோப்புகளை மட்டும் பிரித்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. மூன்று ஆண்டுகளில் அறுபத்தொன்று. அதில் ஏழு பேருக்குக் கறுப்பு. ஐம்பத்து நான்கு பேருக்குப் பழுப்பு.

ஒரு காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட முப்பதுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். அவள் ஒவ்வொரு கோப்பிலும் காரணம் எழுதியிருந்தாள். வயது, உப்பு அளவு, சர்க்கரை, குடும்ப வரலாறு. ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் காரணம் சரியாகத்தான் இருந்தது. சேர்த்துப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. பழுப்பு எலி நூல் கட்டும் அறுவையில் சாகாது. அதன் இதய வரைபடம் ஒழுங்காக வரும். வாயைத் திறந்துகொண்டு யாரையும் பார்க்காது.

அந்த ஐம்பத்து நான்கு பேரும் இன்னும் இரண்டு வருடம் தாங்குவார்கள் என்று இந்தக் கட்டடத்திலிருந்து சான்று போயிருந்தது.

நிறுவனத்தின் தலைவர் டாக்டர் கனகசபாபதி பெயர் பெற்ற இதய நிபுணர். அவர் அறைக்கு சுகிர்தா அந்தத் தாளோடு போனாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்களைப் படித்தார். அவசரமே படவில்லை.

"விதிப்படி இதுல ஒரு தப்பும் இல்லையேம்மா. சமமா வந்தா தேர்வு அலுவலர் முடிவே இறுதி. நீங்க முடிவு எடுத்திருக்கீங்க."

"அவங்கள்ல எத்தன பேரு உயிரோட இருக்காங்கன்னு பாக்கணும் சார். உங்களுக்குத்தான் அனுமதி இருக்கு."

"பாத்து?"

"பாருங்க சார்."

அவர் மெல்லத் தட்டச்சு செய்தார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"முப்பத்து மூணு பேர் இருக்காங்க" என்றார்.

"அப்ப இருபத்தியோரு பேர்..."

"கறுப்புல போட்ட ஏழு பேருக்கும் கருவி வச்சோம். ஆறு பேர் நல்லா இருக்காங்க." அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. பிறகு சற்று நேரம் கழித்து, அவளைச் சமாதானப்படுத்துவதுபோல் சொன்னார்: "ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நீங்க எந்த எலியப் போட்டிருந்தாலும் கருவி அறுபதுதான். கூட ஒண்ணு வந்திருக்காது. இந்த இருபத்தியோரு பேரு பொழச்சிருந்தா வேற இருபத்தியோரு பேரு போயிருப்பாங்க. பேருதான் மாறியிருக்கும்."

"யாரு பேருன்னு நேர்மையாச் சொல்றதுக்குத்தானே சார் நம்மள வச்சிருக்காங்க?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "இது வெளிய போனா என்ன ஆகும் தெரியுமா? எலிச் சோதனையே பொய்னு கோர்ட்டுக்குப் போவாங்க. மறுபடியும் மந்திரி வீட்டு வாசல்ல நிக்கற காலம் வரும். அத நான் பாத்திருக்கேன். நீங்க பாக்கல."

"நான் எழுதித் தரப்போறேன் சார்."

"எழுதுங்க." அவர் திரும்பினார். "செவ்வாய்க்கிழமை லிஃப்ட் ஒன்பது நிமிஷம் நடுவுல நின்னிருக்கு. உள்ள நீங்களும் ஒரு மெக்கானிக்கும். அந்த மெக்கானிக் அட்டை வச்சிருக்கற ஆள்னு லிஃப்ட் கேமராவப் பாத்து செக்யூரிட்டி எனக்குச் சொல்லியாச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். இதையெல்லாம் விசாரிக்க கமிட்டி உக்காந்தா, அதையும் விசாரிக்கும். அந்த ஆளு பேரு அன்னைக்கே போயிடும். அப்படியே விட்டா எனக்கும் ஞாபகம் இருக்காது. உங்க இஷ்டம்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அவரும் வருடத்துக்கு அறுபது பேரின் நெஞ்சைத் திறந்து மூடுகிறவர். அன்று மாலை வீட்டில் சுகிர்தா அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் முகம் தெரியாத முப்பத்து மூன்று பேர். மறுபக்கம் உதடு சாம்பலாகி லிஃப்ட் தரையில் உட்கார்ந்த ஒருவர். எழுதினால் அவருக்குக் குழி. எழுதாவிட்டால் இவர்களுக்கு. பார்த்தவரைக் காப்பாற்றத்தான் மனம் ஓடியது. மூன்று வருடமாக எலிகள் விஷயத்தில் தன் மனம் ஓடியதும் இப்படித்தான் என்று தோன்றியபோது அவள் பேனாவை எடுத்தாள்.

நான்கு பக்கம் எழுதினாள். லிஃப்டில் நடந்ததை முதலில் எழுதினாள். அவர் சலுகை எதுவும் கேட்கவில்லை, முறையைத்தான் கேட்டார் என்று எழுதினாள். 4417 கோப்பில் தான் முடிவு எடுக்கவில்லை, இனி எந்தக் கோப்பிலும் எடுக்கப்போவதில்லை என்று எழுதினாள். கடைசியில் ஐம்பத்து நான்கு எண்களையும் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கமிட்டி மூன்று நாள் உட்கார்ந்தது. சுகிர்தாவை நிற்க வைத்தே ஒரு முற்பகல் முழுக்கக் கேள்வி கேட்டார்கள். ஏன் பழுப்பு என்ற கேள்விக்கு, செத்த எலியைப் பார்க்க முடியாததால் என்று அவள் சொன்னபோது ஓர் உறுப்பினர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு வருத்தம் தெரிவித்தார்.

முடிவு இப்படி வந்தது. உயிரோடிருக்கும் முப்பத்து மூன்று பேருக்கும், பதிவு செய்த தேதி வரிசைப்படி, அடுத்து வரும் கருவிகள். இனிமேல் சமமாக வரும் கோப்புகளுக்கு இரண்டு வகையிலும் சோதனை. அதில் மோசமான விடையே கணக்கில் வரும். முதலாவதாக 4417-க்கு அப்படிச் செய்ய வேண்டும். ஆனால் அலுவலரை முறையின்றிச் சந்தித்ததால், சோதனையில் கருவிக்குத் தகுதி பெற்றாலும், அவர் இடம் அந்த முப்பத்து மூன்று பேருக்குப் பின்னால்தான். சுகிர்தா தேர்வு வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். இனி அவள் வேலை, அந்தப் பட்டியலில் இருப்பவர்களோடு பேசுவதும் அவர்களைக் கூட்டி வருவதும்.

முப்பத்து மூன்று பேரையும் தேடிப் பிடித்துப் பரிசோதிக்க ஆறு வாரம் பிடித்தது. அதே ஆறு வாரத்தில் 4417-இன் எட்டுக் கறுப்பு எலிகளும் விழுந்தன. எட்டுப் பழுப்பு எலிகளும் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

அதைச் சொல்ல அவள் லிங்கேஸ்வரனின் வீட்டுக்குப் போனாள். கணபதி பகுதியில் மூன்று மாடிக் குடியிருப்பு. தரைத்தளத்திலேயே குடியிருந்தார்கள். அவர் வேலையை விட்டிருந்தார். நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மனைவி கோகிலவாணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

சுகிர்தா எதையும் சுற்றி வளைக்கவில்லை. கறுப்பு எலி ஆறு வாரம் என்றால் மனிதக் கணக்கில் ஏழு மாதம். அதில் ஒன்றரை மாதம் போய்விட்டது. பட்டியலில் அவர் முப்பத்து நான்காவது. மாதத்துக்கு ஐந்து கருவி.

கோகிலவாணி விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள். போட்டு முடித்ததும் அவள் முகம் மாறியது.

"ஏனுங்க மேடம், ஏழு மாசம் ஆகுமே? இவருக்கு அஞ்சரைதானே இருக்குதுங்கறீங்க?"

"ஆமாங்க."

"கேள்வி கேட்டதுக்கு இதாங்க தண்டன? இவரு கேட்டதாலதானே அத்தன பேரு வெளிய வந்தாங்க? வந்தவங்க எல்லாம் முன்னால, கேட்டவரு கடைசீல. இது எந்த ஊரு நாயங்க?" அவள் குரல் உடைந்தது. "நீங்களும் காபி குடிச்சுட்டுப் போயிருவீங்க."

"கோகிலா" என்றார் லிங்கேஸ்வரன். மனைவி உள்ளே போனாள். பாத்திரங்கள் நகர்த்தும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அவர் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், ஒண்ணு கேக்கறேன். நான் அன்னைக்கு லிஃப்ட நிறுத்தாம இருந்திருந்தா?"

வரும் வழியெல்லாம் சுகிர்தா இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தாள்.

"உங்களப் பழுப்புல போட்டிருப்பேன்" என்றாள். "அந்த எலி இன்னும் ஓடிட்டு இருக்கு. உங்களுக்கு ரெண்டு வருஷம் இருக்குன்னு சர்டிபிகேட் வந்திருக்கும். நீங்க இந்த வரிசையிலயே இருந்திருக்க மாட்டீங்க."

காபியில் ஆடை படிந்தது.

"அப்பச் சரிங்க" என்றார் கடைசியில். "வாரா வாரம் நம்பர் எத்தனைன்னு மட்டும் சொல்லிருங்க."

திங்கட்கிழமை தோறும் அவருக்குச் செய்தி அனுப்பினாள். முதல் திங்கள் முப்பத்து மூன்று. இரண்டாவது திங்கள் முப்பத்து இரண்டு. மூன்றாவது திங்கள் இருபத்து எட்டு என்று அனுப்பிய ஐந்தாம் நிமிடம் போன் அடித்தது.

"மேடம், ஒரே வாரத்துல நாலு எறங்கியிருக்குது?" அவர் குரலில் அவள் அதுவரை கேட்காத ஒரு துள்ளல் இருந்தது. "கருவி சேத்தி வந்துருக்குதுங்களா?"

சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள். பொய் சொல்லிவிடலாம். ஆமாம் என்று ஒரு சொல் போதும். லிஃப்டில் சொன்ன பொய்தான் ஞாபகம் வந்தது.

"இல்லீங்க. ரெண்டு பேருக்கு ஆபரேஷன் ஆச்சு."

"மிச்சம் ரெண்டு?"

அவள் பட்டியலில் அடித்துவைத்த இரண்டு பெயர்களைப் பார்த்தாள். மறுமுனையில் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. டிவியில் ஏதோ விளம்பரம் ஓடியது, யாரோ அதை அணைத்தார்கள்.

"இனிமே நம்பர் அனுப்பாதீங்க மேடம்" என்றார். "என்ர முறை வந்தா மட்டும் கூப்புடுங்க."

அவள் அனுப்புவதை நிறுத்தினாள். பட்டியல் மட்டும் தன் போக்கில் குறைந்துகொண்டு வந்தது. சில வாரம் ஒன்று, சில வாரம் மூன்று. ஆபரேஷனுக்கு அழைக்கப் போன் செய்யும்போது சில வீடுகளில் எடுப்பவரின் முதல் சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் ஒரு பெண், "போன வாரமே கூப்பிட்டிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டதற்குத் தானே மன்னிப்புக் கேட்டாள். பட்டியலில் ஒரு பெயரை அடிக்கும்போதெல்லாம் அதற்குக் கீழே இருந்த பெயர்கள் ஓர் அங்குலம் மேலே ஏறின. ஏறுவதைப் பார்த்து அவள் ஒரு கணம் நிம்மதியடைந்ததும் உண்டு. அந்த நிம்மதியை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் மாதத்தின் நடுவில் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு அவள் லிங்கேஸ்வரனை அழைத்தாள். கோகிலவாணி எடுத்தாள். பெயரைச் சொன்னதும் ஒன்றும் கேட்காமல் ஓடிப்போய்க் கணவனிடம் கொடுத்தாள்.

"உங்க முறை வந்துடுச்சுங்க" என்றாள் சுகிர்தா.

அவர் குரல் மிகவும் மெலிந்திருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தினார். "முறை வர ஏழு மாசம்னு... சொன்னீங்க."

"ஆமாங்க."

"இப்ப நாலரைதான்... ஆகுது." அவர் கணக்குப் போடுவது அவளுக்குக் கேட்பதுபோல் இருந்தது. மாதத்துக்கு ஐந்து. நாலரை மாதத்துக்கு இருபத்து இரண்டு. முப்பத்து மூன்றிலிருந்து இருபத்து இரண்டு போனால்.

"பதினோரு பேருங்களா?" என்றார்.

"பதினோரு பேர்."

பின்னால் கோகிலவாணி, "என்னங்க, என்ன சொல்றாங்க, எப்பன்னு கேளுங்க" என்று அவசரப்படுத்துவது கேட்டது. போன் கையில் இருப்பதே மறந்துவிட்டதோ என்று சுகிர்தா நினைக்கும் அளவுக்கு நேரம் போனது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அவள் பயந்தாள். சொன்னால் அடுத்த பெயரை அழைக்க வேண்டும். அடுத்த பெயரும் தயாராகத்தான் இருந்தது.

"வர்றனுங்க" என்றார் லிங்கேஸ்வரன். "எத்தன மணிக்கு வரோணும்?"

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு. வெறும் வயித்தோட."

"சரிங்க" என்றார். போனை வைக்கும் முன் மனைவியிடம், காலையில் ஆறு மணிக்கே ஆட்டோ சொல்லிவிடும்படி சொல்வது கேட்டது.